வயிற்றெரிச்சலுக்கு ஒரு தையற்காரியின் கைவைத்தியம்

நான் வேலூர் சத்துவாச்சாரியில் ஜாக்கெட் தைக்கிறவள். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மெஷின், வெட்டுவதற்கு ஒரு மேசை, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட துணிப்பைகள், ஒவ்வொரு பையிலும் ஒருத்தியின் அளவு ஜாக்கெட். லெந்து என்கிற தவக்கால நாட்கள் முடிந்து ஈஸ்டர் தாண்டியதும் கலியாணப் பட்டுகள் வரும். நவம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் துணி. அடுத்த வீட்டுச் செழிப்பெல்லாம் என் மேசைமேல் விரிந்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போகிறது. ஆரணிப் பட்டா காஞ்சிபுரமா என்று மடிப்பைத் தூக்கும்போதே எடை சொல்லிவிடும். விலைச் சீட்டைப் பார்க்க வேண்டியதில்லை. சில பேர் அதைக் கிழிக்காமலே கொண்டுவருகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆகவே பொறாமையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தொழில் அறிவு உண்டு. எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அங்கே சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். இது பிரசங்கம் இல்லை. வயிறு எரியும் நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் விஷயம்.

முதலில் ஒன்றைத் தள்ளிவைக்கிறேன். பொறாமை வந்தால் உன் ஆசீர்வாதங்களை எண்ணிப் பார் என்பார்கள். நல்ல பழக்கம்தான், இராத்திரி படுக்கும்முன் செய்யலாம். ஆனால் எரிகிற நேரத்தில் அது வேலை செய்யாது. எண்ண ஆரம்பித்ததுமே மனசு பக்கத்து வீட்டுக் கணக்கையும் சேர்த்து எண்ணும். எனக்குச் சுகம் உண்டு, பிள்ளைகள் உண்டு, சொந்தத் தொழில் உண்டு என்று மூன்று விரலை மடக்குவதற்குள், அவளுக்கு இது மூன்றும் இருக்கிறது, மேலே ஒரு மாடியும் இருக்கிறது என்று வந்து நிற்கும்.

எது வேண்டும் என்று சரியாகச் சொல்லுங்கள்

"அவளுக்கென்ன, கொடுத்து வச்சவ" என்று நாம் பெருமூச்சு விடும்போது எதைச் சொல்கிறோம் என்பது நமக்கே தெரியாது. முதல் வேலை அதைப் பிரிப்பதுதான். அவளிடம் இருப்பதில் எது எனக்கு வேண்டும்? வீடா, காரா, புருஷன் அவளிடம் பேசும் விதமா?

என்னிடம் வரும் ஒரு அக்கா, எதிர்வீட்டில் மாடி எழும்புவதைப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் புழுங்கிக்கொண்டிருந்தார். ஜல்லி கொட்டினால் தலைவலி, தளம் போட்டால் காய்ச்சல். "அந்த வீட்டையே தர்றேன்னா எடுத்துப்பீங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம்மா, அவ்ளோ படி என்னால ஏற முடியாது" என்றார். அப்புறம் என்னதான் வேண்டும்? பேசிப் பேசிக் கடைசியில் வந்தது இது: ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வாடகை கேட்டு வீட்டுக்காரர் போன் வரும், அந்தச் சத்தம் இல்லாத ஒரு மாதம் வேண்டும். மாடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வாடகையைத் தம் மகன் சம்பளம் வரும் தேதிக்குப் பிறகு தருவதாக வீட்டுக்காரரிடம் பேசினார், அவரும் சரி என்றார். எதிர்வீட்டுத் தளத்துக்குத் தண்ணீர் விடும் சத்தம் அதற்குப் பிறகு அவர் காதில் விழுவதே குறைந்துவிட்டது.

நம்ம ஊருக்குப் பக்கத்தில் கரிகிரி இருக்கிறது. தொழுநோயாளிகளுக்காக ஏற்பட்ட ஆஸ்பத்திரி. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், அந்த நோயாளிகளின் விரல்கள் ஏன் குறைந்துபோகின்றன என்று கவனித்தார். நோய் விரலைத் தின்றுவிடுகிறது என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். அவர் கண்டது வேறு: அவர்களுக்கு வலி தெரியவில்லை. சுடும் பாத்திரத்தைப் பிடிப்பார்கள், முள் குத்தும், செருப்பு கடிக்கும், எதுவும் உறைக்காது. தெரியாத காயம் புண்ணாகி, புண் விரலைக் கொண்டுபோகும். வலி இல்லாததுதான் ஆபத்து என்றார். பொறாமையையும் நான் அப்படி ஒரு வலியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். எங்கே குத்துகிறது என்று பார்க்காமல், "எனக்கெல்லாம் பொறாமையே கிடையாது, தோத்திரம்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

பார்த்ததை ஆண்டவரிடம் அப்படியே சொல்லிவிட வேண்டும். ஆசாப் 73-ஆம் சங்கீதத்தில் சொல்கிறாரே: "துன்மார்க்கரின் வாழ்வை நான் காண்கையில், வீம்புக்காரராகிய அவர்கள்மேல் பொறாமை கொண்டேன்." தேவாலயப் பாடகர் தலைவர் ஒருவர் இதைப் பாட்டாகவே எழுதிச் சபை முழுக்கப் பாடக் கொடுத்திருக்கிறார். நமக்கு என்ன வெட்கம்? ஜெபத்தில் சுற்றி வளைக்க வேண்டாம். "ஆண்டவரே, இன்னார் மகளுக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. என் மகள் அதே பரீட்சையில் தேறவில்லை." இவ்வளவு போதும். ஆளின் பெயரும் விஷயத்தின் பெயரும் அதில் இருக்க வேண்டும். "எல்லாப் பொல்லாத எண்ணங்களையும் மன்னியும்" என்று மொத்தமாகப் போட்டால் அதில் இது ஒளிந்துகொள்ளும்.

பங்கு கேட்பது பொறாமை ஆகாது

இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். நம் சபைகளில் இதைத்தான் அதிகமாகக் குழப்புகிறார்கள், குழப்பத்தில் நஷ்டப்படுவது பெரும்பாலும் பெண்கள்.

"போதுமென்கிற மனதுடனே கூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்" என்பது 1 தீமோத்தேயு 6-இல் இருக்கிறது. அதை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அண்ணன் அப்பா வீட்டை முழுசாக வைத்துக்கொண்டு, தங்கச்சி வாயைத் திறந்தால் இந்த வசனத்தை எடுத்து நீட்டுவார். அதே அதிகாரத்தின் கடைசிப் பக்கம் ஐசுவரியவான்களுக்கு என்ன கட்டளையிடுகிறது என்பதை அவர் வாசிக்க மாட்டார். தாராளமாய்க் கொடுக்கிறவர்களாயிருங்கள் என்கிறது.

செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் எண்ணாகமம் 27-இல் மோசேக்கு முன்னால் போய் நிற்கிறார்கள். எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லை, அதற்காக அவர் பேர் அற்றுப்போகலாமா, எங்களுக்குக் காணியாட்சி கொடும் என்று கேட்கிறார்கள். இருக்கிறது போதும் என்று வீட்டுக்குப் போங்கள் என்று கர்த்தர் அவர்களை அனுப்பவில்லை. அவர்கள் பேசுகிறது சரிதான் என்றார். சட்டமே மாறியது. நம் நாட்டிலும், கிறிஸ்தவத் தகப்பன் உயில் எழுதாமல் இறந்துபோனால் 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அம்மா இருந்தால் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு போக மீதியைப் பிள்ளைகள் சமமாகப் பிரிக்க வேண்டும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால் அது உங்கள் தாராளம். தெரியாமல் விட்டுவிட்டு அண்ணி போட்டிருக்கும் வளையலைப் பார்த்துக் கருகிக்கொண்டிருப்பதில் யாருக்கும் லாபமில்லை.

சம்பளமும் அப்படித்தான். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் விடியும்முன் வேனில் ஏறி ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் என்னிடம் நிறையப் பேர் தைக்கக் கொடுக்கிறார்கள். சூப்பர்வைசர் பைக்கைப் பார்த்து எரிகிறது என்று ஒருத்தி சொன்னால், நான் முதலில் கேட்பது ஓவர்டைம் காசு சரியாக வருகிறதா என்றுதான். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். வரவில்லை என்றால் அங்கே இருப்பது பொறாமை இல்லை, கணக்கு. "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்று யாக்கோபு எழுதுகிறார். கூலியே கூக்குரலிடும்போது கூலிக்காரி ஏன் வாயை மூட வேண்டும்?

சரி, பங்கும் வந்தாயிற்று, கூலியும் சரியாக இருக்கிறது, இருந்தும் எரிகிறது என்றால்? அப்போதுதான் அது நிஜமான சரக்கு. ஆகாப் ராஜாவுக்கு அரண்மனை இருந்தது. பக்கத்தில் நாபோத்தின் திராட்சத்தோட்டம். எதற்குக் கேட்டான் தெரியுமா? கீரைக்கொல்லை போட. நாபோத் தரமாட்டேன் என்றதும் ராஜா கட்டிலில் படுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பிடாமல் கிடந்தான். கீரைக்கட்டுக்காக ஒரு ராஜா! அந்தத் தோட்டம் கைக்கு வருவதற்குள் ஒரு நல்ல மனுஷனைக் கல்லெறிந்து கொன்றுவிட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் பயமாக இருப்பது கொலைக்கு ஏற்பாடு செய்த ராணி யேசபேல் இல்லை, அந்தக் கட்டில். எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது.

அவர்கள் கஷ்டத்தைத் தேடி ஆறுதல் அடையாதீர்கள்

இது நாம் ரொம்பவும் நல்ல எண்ணத்தோடு செய்யும் தப்பு. "அவளுக்கும் எவ்ளோ பிரச்சினை தெரியுமா, பாவம்" என்று சொல்லும்போது நாக்கில் ஒரு சின்ன இனிப்பு இருக்கிறது பாருங்கள். அது இரக்கம் இல்லை. வயிற்றெரிச்சல்தான் வேஷம் போட்டு வந்திருக்கிறது.

அதே சமயம், அடுத்தவர் வாழ்க்கையை முழுசாகத் தெரிந்துகொள்வது நல்லது. தெரிந்துகொண்ட பிறகு அவர்கள் நம் கண்ணுக்கு மனுஷராகத் தெரிவார்கள். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள் ஒருத்தி, மகள் கலியாணத்துக்குத் தைக்கக் கொடுக்க வந்தாள். பெண்ணுக்குக் கோயிலில் கட்ட வெள்ளைப் பட்டு, வரவேற்புக்கு அரக்குச் சிவப்பில் காஞ்சிபுரம், அம்மாவுக்கே தனியாக மூன்று. கைக்கு ஆரி ஒர்க் வேறு. நான் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு தோள் அளவு எடுக்கிறேன். அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே, "உன் பொண்ணு ரெண்டு பேரும் பக்கத்துலயே இருக்காளுங்க இல்ல?" என்றாள். ஆமாம், ஒருத்தி காட்பாடி, ஒருத்தி அரியூர் என்றேன். "நீ கொடுத்து வச்சவ. இவ கனடா போறா. பிரசவத்துக்கு எனக்கு விசா கிடைக்குமோ என்னமோ." குண்டூசியை எடுத்துவிட்டு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கழுத்தை அரை இஞ்ச் இறக்கி வைக்கவா என்று கேட்டேன்.

ஆதியாகமத்தில் ராகேலும் லேயாளும் ஒரே வீட்டில் இப்படித்தான் இருந்தார்கள். ராகேலுக்குப் புருஷன் அன்பு இருந்தது, பிள்ளை இல்லை. லேயாளுக்குப் பிள்ளைகள் வரிசையாகப் பிறந்தார்கள், புருஷன் முகம் திரும்பவில்லை. என்னோடு படித்தவள் என்னைப் பார்த்து ஏங்குகிறாள் என்று தெரிந்ததும் நான் ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அவளுக்காக விசா கிடைக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றாமல் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தால், உஷாராகிவிடுங்கள்.

கைக்கு வேலை கொடுங்கள்

மனசைத் திருத்திக்கொண்டு அப்புறம் கையை நீட்டலாம் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். கையை முதலில் அனுப்புங்கள், மனசு பின்னாலேயே வரும். என் அனுபவத்தில் இதைப்போல் பலன் தந்தது வேறில்லை.

யாரைப் பார்த்து எரிகிறதோ அவருக்கென்று ஒரு வேலை செய்யுங்கள், சுத்தமாகச் செய்யுங்கள். நான் செய்வது இது. ஜாக்கெட்டில் கடைசி வேலை கொக்கி கட்டுவது. மெஷின் வேலை இல்லை, கையால்தான். நூலை நாலாக மடித்து, மெழுகில் ஒரு இழுப்பு இழுத்து, கொக்கியின் இரண்டு வளையத்தையும் மூக்கையும் துணியோடு பிடித்துத் தைக்க வேண்டும். அவசரப்பட்டால் சாப்பாட்டுப் பந்தியிலேயே பிய்த்துக்கொள்ளும். என் வயிற்றை எரிய வைக்கும் வீட்டு ஜாக்கெட் வந்தால், ஒரு கொக்கிக்கு அந்த வீட்டில் ஒரு ஆள் என்று வைத்துக்கொள்வேன். மாமியார், புருஷன், மகன், மருமகள், பேரப்பிள்ளை. கொக்கி முடியும்வரை அந்த ஒருவருக்காக ஜெபம். நீளமான ஜெபம் வராது, வரவும் வேண்டாம். "அவங்க முழங்கால் வலியைப் பாரும் ஆண்டவரே." ஐந்தாறு கொக்கிக்குள் ஒரு வீடே முடிந்துவிடும். பிறகு அந்த ஜாக்கெட்டுக்கு இஸ்திரி போடும்போது, அது நன்றாக அமைய வேண்டும் என்ற கவலைதான் மிஞ்சும்.

தையல் தெரியாதவர்கள் கத்தரிக்காய் நறுக்கும்போது செய்யலாம். ஸ்கூட்டரில் அந்த வீட்டைத் தாண்டும்போது செய்யலாம். பெயர் சொல்வது முக்கியம். "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்றால் அவள் மட்டும் அதில் இருக்க மாட்டாள், உங்களுக்கே தெரியும்.

"சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள், அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று ரோமர் 12-இல் இருக்கிறது. இரண்டாவது பாதி நமக்கு நன்றாக வரும். சாவு வீட்டுக்கு நாம் போகிற வேகம் என்ன! புதுவீட்டுப் பிரதிஷ்டைக்குத்தான் கால் இழுக்கும். போங்கள். போய்ச் சாப்பிடுங்கள். உருப்படியாக ஒன்றைப் பார்த்துப் பாராட்டிவிட்டு வாருங்கள். "எல்லாம் நல்லாருக்கு" என்பது பாராட்டே இல்லை, தப்பிக்கும் வழி. "சமையல் ஜன்னலை நல்ல உசரத்துல வச்சிருக்கீங்க, புகை நிக்காது" என்று சொல்லிப் பாருங்கள். அதைச் சொல்வதற்கு நீங்கள் நிஜமாகவே ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கண் விலையை விட்டு வேறொன்றைப் பார்த்துவிட்டது.

இன்னொரு வேலையும் வேலூரில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தோ வந்து, சுற்றியிருக்கும் லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்கள். வாடகைக்கு எடுத்த அடுப்பில் சோறு பொங்குவார்கள். அவர்கள் பாஷை நமக்குத் தெரியாது, நம் பாஷை அவர்களுக்குத் தெரியாது. எந்த கவுன்ட்டர், எந்தப் பஸ், எந்தக் கடையில் மீன் மலிவு என்று கூட நடந்து காட்டினால் போதும். அவர்களோடு ஒப்பிட்டு "நான் எவ்வளவோ மேல்" என்று நினைக்கப் போகாதீர்கள், அது பழைய வியாதியே தலைகீழாக. ஒரு மத்தியானம் முழுக்க வேறொருவர் வேலையில் ஓடினால், நம் ஓரகத்தி வாங்கிய ஃபிரிட்ஜ் எத்தனை லிட்டர் என்பது சாயங்காலம் வரை ஞாபகத்துக்கு வராது.

உனக்கென்ன?

பொறாமைக்கு எனக்குப் பிடித்த வசனம் யோவான் 21-இல் இருக்கிறது. திபேரியா கடற்கரையில் கரிநெருப்பில் மீன் சுட்டு, இயேசு சீஷர்களுக்குக் காலைச் சாப்பாடு கொடுத்திருக்கிறார். பேதுருவிடம் தனியாகப் பேசி, என் ஆடுகளை மேய்ப்பாயாக என்று பெரிய பொறுப்பைக் கையில் வைக்கிறார். உனக்கு எப்படிப்பட்ட சாவு வரும் என்பதையும் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருந்த பேதுரு என்ன செய்தார்? திரும்பினார், பின்னால் யோவான் வருவதைப் பார்த்தார், "ஆண்டவரே, இவன் காரியம் என்ன" என்று கேட்டார். அதற்குக் கிடைத்த பதில்: "நான் வருமளவும் இவனிருக்க எனக்குச் சித்தமானால், உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா."

கொஞ்சம் கறாரான பதில்தான். ஆனால் எனக்கு அதில் ஆறுதல் இருக்கிறது. யோவான் கணக்கைத் தூக்கிச் சுமக்கும் வேலை பேதுருவுக்கு இல்லை என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். மனசுக்குள் "இவள் காரியம் என்ன" என்று ஆரம்பிக்கும்போது நான் இதைச் சத்தமாகவே சொல்லிக்கொள்வேன். வீட்டில் யாரும் இல்லாதபோதுதான், இல்லாவிட்டால் பேத்தி ஒரு மாதிரி பார்ப்பாள்.

இதோடு டாக்டர் மேரி வர்கீஸையும் நினைத்துக்கொள்கிறேன். நம்ம ஊர் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இளம் டாக்டராக இருந்தவர். 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயல் இழந்தது. நடக்கிற எல்லாரையும் பார்த்து ஏங்க அவருக்கு முழு நியாயமும் இருந்தது. உட்கார்ந்தபடியே என்ன செய்ய முடியும் என்று பார்த்தார்கள். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே செய்தார். பிறகு தம்மைப் போலவே அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வு தரும் மருத்துவத்தைப் படித்துவிட்டு வந்து அந்தத் துறையைத் தலைமையேற்று நடத்தினார். பாகாயத்தில் 1966-இல் திறந்த மறுவாழ்வு மையம் அதில் வந்ததுதான். 1972-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாகாயம் பஸ்ஸில் போகிறவர்கள் அடுத்த முறை அந்தப் பக்கம் ஒரு பார்வை பாருங்கள்.

வேலி போடுவது பாவமில்லை

திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமையில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் உறுத்தும். விடியற்காலம் வந்தவர்களுக்கு ஒரு பணம் என்று பேச்சு. சம்பளம் கொடுத்தது கடைசியில் வந்தவர்களிலிருந்து தொடங்கி, அவர்களுக்கும் அதே ஒரு பணம். முதலில் வந்தவர்களுக்கு முதலிலேயே கொடுத்து அனுப்பியிருந்தால், அந்த ஒரு பணத்தை முடிந்துகொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். காசு குறையவே இல்லை. அடுத்தவன் கையைப் பார்த்ததில்தான் குறைந்தது. ஆண்டவர் வேண்டுமென்றேதான் அவர்களைப் பார்க்க வைத்தார் என்று நினைக்கிறேன், அவர்கள் மனசு வெளியே வரட்டும் என்று. நமக்குத் தினமும் அந்தப் பரீட்சை தேவையில்லை.

ஆகவே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எந்த ஒருவர் படம் வந்தால் உங்கள் நாள் கெடுகிறதோ, அவரை மட்டும் மியூட் பண்ணுங்கள். அவருக்குத் தெரியப் போவதில்லை. நேரில் பார்த்தால் சிரித்துப் பேசுங்கள், மனுஷருக்கு வேலி இல்லை, படத்துக்குத்தான்.

கிறிஸ்துமஸ் துணிக்கு எவ்வளவு என்று வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி, பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு லாங் பஜாருக்குப் போங்கள். கார்டை வீட்டில் வைத்துவிடுங்கள். டிசம்பரில் வட்டிக்கு வாங்கித் துணி எடுத்து, தையல் கூலியைப் பொங்கலுக்குத் தருகிறேன் என்று சொல்கிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். பழைய பட்டில் ஓரத்தை மாற்றி, புது ஜாக்கெட் போட்டால் கோயிலில் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது. அதைச் செய்து கொடுப்பதில் எனக்குக் கூலி குறைவு, இருந்தாலும் சொல்கிறேன்.

சபைகளும் கொஞ்சம் யோசிக்கலாம். அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுவது நல்ல பழக்கம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஒரு கூடை, வாழைத்தார், சேவல் என்று அவரவர் விளைச்சல் வந்து நிற்கும் அழகே தனி. ஆனால் ஒரு பூசணிக்காயை இரண்டு குடும்பங்கள் மாற்றி மாற்றி ஏற்றி ஆயிரக்கணக்கில் கொண்டுபோவதும், சனங்கள் கைதட்டுவதும், கூடையில் நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்த கிழவி கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. காணிக்கைத் தொகையைப் பெயரோடு மைக்கில் வாசிப்பதையும் விட்டுவிடலாம். இரண்டு காசு போட்ட விதவையைப் பெயர் சொல்லாமல்தானே ஆண்டவர் பாராட்டினார்.

உங்களைப் பார்த்து யாராவது எரிந்தால்

இதையும் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். நமக்குக் கொஞ்சம் நல்லது நடக்கும்போது, நம்மால் இன்னொருத்தி கட்டிலில் முகத்தைத் திருப்பிப் படுக்கக்கூடும்.

சாட்சி சொல்ல எழுந்தால் கடனையும் சேர்த்துச் சொல்லுங்கள். "ஆண்டவர் வீடு கொடுத்தார்" என்று நிறுத்தாமல், "வங்கியில் இன்னும் பதினைந்து வருஷம் கட்ட வேண்டும், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றால் கேட்கிறவளுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். மகன் வாங்கிய மார்க்கை, மகன் தேறாத வீட்டு வாசலில் நின்று சொல்லாதீர்கள். விலையைக் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம்.

அப்புறம், பட்டுப்புடவையை யாராவது ஒரு நாள் கலியாணத்துக்கு இரவல் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பீரோவில் மடித்த மடிப்பிலேயே வைத்திருந்தால் மடிப்புத்தான் கிழியும். நகை வேறு விஷயம், அது தொலைந்தால் இரண்டு குடும்பமும் பேச்சை விட்டுவிடும், ஆகவே நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புடவை திரும்பி வரும்போது முந்தானையில் பிரியாணி எண்ணெய் பட்டிருந்தால் சத்தம் போடாதீர்கள், தண்ணீரும் வைக்காதீர்கள். முகத்துக்குப் போடும் பவுடரைக் கறைமேல் தடிமனாகத் தூவி, ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் மெதுவாகத் தட்டி எடுங்கள். அதற்கும் போகாவிட்டால் டிரை கிளீனிங் கொடுத்துவிடுங்கள்.